கம்மியா சாப்பிடு, பிள்ளை பெருத்துடும்

"மாசமா இருக்கிறவ அளவாத்தான் சாப்பிடணும். பிள்ளை பெருத்துடுச்சுன்னா பெத்துப் பிழைக்கப் போறது யாரு?"

ஏதோ ஒரு வடிவத்தில் இந்தப் பேச்சைக் கேட்காத குடும்பம் நம்ம ஊரில் குறைவாகத்தான் இருக்கும். மாமியார் சொல்லலாம், அத்தை சொல்லலாம், நாலு பிள்ளை பெற்ற பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்லலாம். அங்கன்வாடிச் சுவரில் எழுதியிருப்பது இதற்கு நேர் எதிர்: கர்ப்பிணிகள் வழக்கத்தைவிட அதிகம் சாப்பிட வேண்டும், கீரை, பருப்பு, முட்டை, பால் என்று ஒரு பட்டியல். இப்படிச் சாப்பிட்டால்தான் குழந்தை குட்டையாக, வளர்ச்சி குன்றிப் போகாது என்று சுகாதார செவிலியர் சொல்லிவிட்டுப் போவார். அவர் தெரு முனை தாண்டுவதற்குள் மாமியார் ஆரம்பித்துவிடுவார்.

கர்ப்பிணிகளுக்கான ஊட்டச்சத்துக் கல்வி பற்றிய அறிக்கைகளைப் படித்தால் அதில் அநேகமாக இந்த மாமியார்தான் வில்லி. அறியாமை, மூடநம்பிக்கை, "தவறான பழக்கவழக்கங்கள்" என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் படித்தபோதுதான் ஒரு சங்கடமான விஷயம் தெரிந்தது. மாமியார் சொன்ன அதே அறிவுரையை உலகத்தின் பெரிய பெரிய பிரசவ மருத்துவர்களும் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் முந்தாநாள் வரைக்கும்.

1889-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் லுட்விக் ப்ரோகோவ்னிக் என்ற மகப்பேறு மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் பேசியது மூன்று பெண்களைப் பற்றி. மூவருக்கும் இடுப்பெலும்பு குறுகல். அந்தக் காலத்து ஐரோப்பியத் தொழில் நகரங்களில் இது சாதாரணம். புகை மூடிய தெருக்கள், வெயில் படாத வீடுகள், ரொட்டியும் டீயும் மட்டுமே சாப்பாடு. இப்படி வளர்ந்த குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோய் வரும். கால் வளையும், இடுப்பெலும்பு தட்டையாகி நெரியும். அந்தப் பெண் குழந்தை இருபது வயதில் கர்ப்பமானால், பிள்ளையின் தலை வெளியே வர வழி இருக்காது. சிசேரியன் அன்றைக்குக் கிட்டத்தட்ட மரண தண்டனை மாதிரி. அதனால் மருத்துவர்கள் ஏழு, எட்டு மாதத்திலேயே செயற்கையாக வலி வரவைத்து, சின்னக் குழந்தையாக இருக்கும்போதே எடுத்துவிடப் பார்ப்பார்கள். அப்படிப் பிறந்தவற்றில் பல பிழைக்காது.

ப்ரோகோவ்னிக் இதற்கு ஒரு மாற்று சொன்னார். முன்கூட்டியே எடுப்பதற்குப் பதிலாக, கடைசி வாரங்களில் தாயின் சாப்பாட்டைக் குறைத்துவிடுவது. மாவுச்சத்து குறைவு, தண்ணீர் குறைவு, கொஞ்சம் இறைச்சி. குழந்தை மெலிந்து பிறக்கும், ஆனால் உயிரோடு பிறக்கும். அவருடைய மூன்று பெண்களுக்கும் அப்படித்தான் நடந்தது.

நம்ம மாமியார் சொன்னதும் இதேதானே?

இந்த உணவுமுறை குறுகிய இடுப்புள்ள பெண்களுக்கான சிறப்பு ஏற்பாடாகத்தான் தொடங்கியது. போகப் போக, எல்லாக் கர்ப்பிணிகளுக்குமான பொது அறிவுரையாகப் படர்ந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் மருத்துவரிடம் போன கர்ப்பிணிகளிடம், 15 முதல் 20 பவுண்டுக்கு மேல், அதாவது 7 முதல் 9 கிலோவுக்கு மேல் எடை ஏறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். பிரசவம் சுலபமாகும், ரத்த அழுத்தமும் வலிப்பும் வராது என்பது காரணம். மீறியவர்களுக்குத் திட்டு விழுந்தது. பசியை அடக்க மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர்களும் இருந்தார்கள். 1970-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு, தாய்மாரின் ஊட்டம் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை, 20 முதல் 25 பவுண்டு வரை ஏறுவதுதான் சரி என்றது. 1990-இல் அது 25 முதல் 35 பவுண்டு என்று இன்னும் உயர்ந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1970-இல் மருத்துவம் மனசு மாறியது. அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1980-இல், மதுரை மாவட்டத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளிடம் "நிறைய சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டு ஒரு பெரிய திட்டம் வந்தது. பத்தே வருஷ இடைவெளி. அந்தத் திட்டத்துக்குப் பிறகு வருகிறேன்.

இந்தியாவில் இந்த விஷயம் வேறு ரூட்டில் வந்தது. 1920-களில் வைஸ்ராய் மனைவி லேடி ரீடிங் ஆதரவில் ஊர் ஊராகக் "குழந்தைகள் வாரம்" நடந்தது. கண்காட்சி, படம், சொற்பொழிவு, கொழுகொழு குழந்தைக்குப் பரிசு. வேடிக்கை என்னவென்றால், பிறந்த குழந்தை குண்டாக இருந்தால் பரிசு. அதை வயிற்றில் சுமந்தவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்க அந்த மேடையில் அவ்வளவாக ஆள் இல்லை. குழந்தைகள் சாவதற்குக் காரணம் தாயின் அறியாமை, அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும் என்பதுதான் அந்த இயக்கத்தின் அடிநாதம். கூலியும் விலைவாசியும் பேச்சில் வராது.

வேறு மாதிரிப் பார்த்த சில பெண் மருத்துவர்களும் இருந்தார்கள். காஷ்மீரில் பணியாற்றிய கேத்லீன் வாகன், 1928-இல் பர்தா முறையும் தாய்மையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வெயிலே படாமல் உள்ளே அடைந்து கிடக்கும் வீட்டுப் பெண்களுக்கு எலும்பு மெலிந்து இடுப்பு நெரிந்து பிரசவம் நரகமாகிறது, படகிலேயே பிழைப்பு நடத்தும் ஏழைப் பெண்களோ சுலபமாகப் பெற்றெடுக்கிறார்கள் என்று காட்டினார். அதாவது, பிரசவ அறையில் நடக்கும் விபத்துக்கான காரணம் அந்தப் பெண்ணின் சிறுவயதிலும், அவள் வாழ்ந்த வீட்டிலும் இருக்கிறது.

அதே 1928-இல் லூசி வில்ஸ் பம்பாய்க்கு வந்தார். மில் தொழிலாளிப் பெண்கள் கர்ப்பத்தில் கடுமையான ரத்தசோகை வந்து செத்துக்கொண்டிருந்தார்கள். கிருமியா, விஷமா என்று தேடியவர் கடைசியில் அது சாப்பாட்டில் ஒன்று குறைவதால் வருகிறது என்று கண்டார். ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்தால் பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வாங்கியது அந்த "ஒன்று"தான். வில்ஸ் குன்னூர் ஆய்வகத்திலும், சென்னை திருவல்லிக்கேணியில் இன்றைக்குக் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று இருக்கும் அன்றைய கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்திருக்கிறார். இன்றைக்குக் கர்ப்பிணிகள் கையில் கொடுக்கும் மாத்திரை அட்டைக்கு ஒரு முனை அந்த ஆஸ்பத்திரியைத் தொட்டுப் போகிறது. அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, "வளர்ச்சி குன்றல்" என்ற சொல் எப்போது வந்தது? யோசித்தால், இது ரொம்பப் புதுசு. 1950-களில் மெக்சிகோவின் ஃபெடரிகோ கோமெஸ் செய்த வகைப்பாட்டில் எடைதான் அளவுகோல். வயதுக்கு எடை எவ்வளவு குறைவு, அதை வைத்து முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை. ஜமைக்காவில் பட்டினிக் குழந்தைகளைப் பார்த்துவந்த ஜான் வாட்டர்லோ என்ற பிரிட்டிஷ் மருத்துவர்தான் 1970-களின் தொடக்கத்தில் இரண்டையும் பிரித்தார். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லையென்றால் அது மெலிவு. நேற்றோ போன மாதமோ நடந்த பட்டினி. வயதுக்கு ஏற்ற உயரம் இல்லையென்றால் அது குன்றல். நீண்ட காலமாக, சத்தமில்லாமல் நடந்த பட்டினி. முதலாவது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது தெரியாது. ஏனென்றால் ஊரில் எல்லாக் குழந்தைகளும் அதே உயரம்தான். இரண்டு வயதுப் பெண் குழந்தை சராசரியாக 86 செ.மீ. இருக்க வேண்டும். 80-க்குக் கீழே போனால் குன்றல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு செ.மீ. வித்தியாசம் எந்தத் தாய் கண்ணில் படும்? "எங்க வீட்டு ஆளுங்களே குட்டைதான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பரம்பரைதானே என்று கேட்பவர்களுக்காக ஒரு தகவல்: 2006-இல் வெளியான அந்த உலக அளவுகோலை உருவாக்க ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள். நார்வே, அமெரிக்கா, பிரேசில், ஓமன், கானா, பிறகு நம்ம தெற்கு டெல்லி. வசதியான வீட்டு டெல்லிக் குழந்தையும் நார்வேக் குழந்தையும் முதல் ஐந்து வருஷம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளர்ந்தன.

உயரம் எங்கே தொலைகிறது என்பதைத் துல்லியமாகக் காட்டியது குவாத்தமாலா. 1969 முதல் 1977 வரை நாலு கிராமங்களில் ஒரு பரிசோதனை நடந்தது. இரண்டு கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அடோலே என்ற புரதச்சத்துள்ள கஞ்சி, மற்ற இரண்டில் ஃப்ரெஸ்கோ என்ற வெறும் இனிப்புப் பானம். கஞ்சி குடித்த ஊர்களில் மூன்று வயதுக் குழந்தைகள் மற்ற ஊர்க் குழந்தைகளைவிட இரண்டு, இரண்டரை செ.மீ. உயரம் கூடினார்கள். மூன்று வயதுக்குப் பிறகு குடித்தவர்களின் உயரத்தில் மாற்றம் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் விடாமல் அந்தக் குழந்தைகளைத் தேடிப் போனார்கள். பெரியவர்களான பிறகு, முதல் இரண்டு வயதுக்குள் கஞ்சி கிடைத்த ஆண்களின் ஒரு மணி நேரக் கூலி 46 சதவீதம் அதிகமாக இருந்தது. கஞ்சி குடித்து வளர்ந்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளும் கூடுதல் எடையோடு பிறந்தன.

இப்போது வட்டம் முழுசாகத் தெரிகிறதா? சின்ன வயதில் வளர்ச்சி குன்றிய பெண் குட்டையாக வளர்கிறாள். அவளுக்கு இடுப்பெலும்பு சிறுசு. பிரசவத்தில் பிள்ளையின் தலை சிக்கும் ஆபத்து அவளுக்கு உண்மையிலேயே அதிகம். அதனால் பயப்படுகிறாள், அவளைச் சுற்றியிருப்பவர்களும் பயப்படுகிறார்கள். சாப்பாடு குறைகிறது. குழந்தை சின்னதாகப் பிறக்கிறது, குன்றிப் போகிறது, அது பெண்ணாக இருந்தால் மறுபடி முதலிலிருந்து. ஆக, மாமியாரின் பேச்சு ஆகாயத்திலிருந்து விழுந்த மூடநம்பிக்கை அல்ல. வளர்ச்சி குன்றிய ஒரு சமூகம், தன் பெண்கள் பிரசவத்தில் சாவதைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்ட பாதுகாப்பு விதி அது. ஆஸ்பத்திரி ஐம்பது மைல் தள்ளி இருக்கும்போது, மருத்துவச்சி மட்டுமே துணை என்கிறபோது, சின்னப் பிள்ளை போதும், தாய் பிழைக்கட்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு?

மார்க் நிக்டர், மிமி நிக்டர் என்ற மானுடவியல் தம்பதி 1983-இல் தென் கன்னடப் பகுதியைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதன் உள்கணக்கு வருகிறது. அங்குள்ள பெண்கள் பலருக்கு வயிறு என்பது ஒரே அறை. சோறும் பிள்ளையும் அதற்குள்ளேயே இடம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நிறைய சாப்பிட்டால் பிள்ளைக்கு நெருக்கடி. பெரிய பிள்ளை பிறப்பது நல்லது என்று எல்லோரும் நினைக்கவுமில்லை. உடற்கூறு தப்புதான். ஆனால் ஒரு முழுமையான தர்க்கம் அதில் இருக்கிறது. "அதிகமா சாப்பிட்டா பிள்ளை நல்லா பெருசா வளரும்" என்று கல்வியாளர் உற்சாகமாகச் சொன்னால், எதற்குப் பயந்தாளோ அதையே வாக்குறுதியாகத் தருகிற மாதிரிதான் அந்தப் பெண்ணின் காதில் விழும்.

இப்போது மதுரைக்கு வருவோம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க உதவியோடு சிட்னி கேன்டர் நிறுவனம் தமிழ்நாட்டின் உணவு நிலைமையை மாநிலம் முழுக்க ஆராய்ந்தது. 1973-இல் அறிக்கை வந்தது. சிக்கல் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் அல்ல, பால் மறக்கும் வயதுக் குழந்தைகளிடமும் கர்ப்பிணி, பாலூட்டும் பெண்களிடமும்தான் என்று அது சொன்னது. அதிலிருந்து முளைத்ததுதான் உலக வங்கிக் கடனோடு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் வெள்ளோட்டம்.

இந்தத் திட்டத்தைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படாதது எனக்கு ஆச்சரியம்தான். அன்றைய நிலைக்கு அது ரொம்பப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஊருக்கு ஊர் ஒரு ஊட்டச்சத்துப் பணியாளர், அதே ஊர்ப் பெண். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து அட்டையில் புள்ளி வைப்பார். கோடு மேலே போனால் சரி. எடை ஏறாமல் கோடு படுத்துவிட்டால் மட்டும், அந்தக் குழந்தைக்குத் தொண்ணூறு நாள் சத்துணவு. தானியம், பருப்பு, வெல்லம் சேர்த்த உருண்டை. எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். ஊர் மொத்தத்துக்கும் சோறு போடாமல், தேவைப்படும் குழந்தைக்குத் தேவைப்படும் நாட்களுக்கு மட்டும். உருண்டை ஒரு மருந்து மாதிரி. நிஜமான வேலை அந்தக் கோட்டைத் தாயிடம் காட்டிப் பேசுவது. இந்த அட்டை முறையே நைஜீரியக் கிராமத்தில் டேவிட் மோர்லி என்ற குழந்தை மருத்துவர் உருவாக்கியது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் கோடு ஏறுதா இறங்குதா என்பது புரியும் என்பது அவருடைய நம்பிக்கை.

பலன் இருந்தது. திட்டம் நடந்த பகுதிகளில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின. உலகமெங்கும் பாடப்புத்தக உதாரணம் ஆனது.

இதற்கு நடுவில் 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. அதன் பெருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பசியை அது ஆற்றியது, பள்ளிக்கூடத்தை நிரப்பியது. ஆனால் அது எடுத்துக்கொண்டது இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளை. உயரம் தொலையும் காலம் அநேகமாக அதற்குள் முடிந்துவிடும். பெரிய வெளிச்சமெல்லாம் சத்துணவு மேல் விழுந்தது, கொட்டாம்பட்டித் தராசு ஓரமாகவே நின்றது. அரசியலில் ஆச்சரியமில்லை. தட்டில் சோறு புகைப்படத்தில் வரும், எழுதிய புள்ளி வராது.

அந்தத் திட்டத்துக்கும் இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, தராசு எடையைத்தான் சொல்லும், உயரத்தைச் சொல்லாது. வாட்டர்லோ பிரித்துக் காட்டிய சத்தமில்லாத பட்டினி அந்த அட்டையில் பதியவில்லை. இரண்டாவது, கர்ப்பிணிகள். அவர்களில் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பேறுகாலத்தின் கடைசி மாதங்களிலும், பாலூட்டும் தொடக்க மாதங்களிலும் உணவும் அறிவுரையும் தருவதாகத் திட்டம். குழந்தைகள் வந்த அளவுக்கு அவர்கள் வரவில்லை. கூலி வேலைக்குப் போகிறவள் பகலில் மையத்துக்கு வந்து உட்கார முடியாது. வந்து வாங்கினாலும் வீட்டில் மூத்த பிள்ளை கையில் போய்விடும். அது போக, பழைய பயம். இரும்புச் சத்து மாத்திரை போட்டால் பிள்ளை கறுத்துவிடும், பெருத்துவிடும் என்ற பேச்சு வேறு.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. அந்தப் பயத்துக்கு நேரடியான, நேர்மையான பதில் அறிவியலில் இருக்கிறது. ஆனால் அதை யாரும் கர்ப்பிணிகளிடம் சொல்வதாகத் தெரியவில்லை. காம்பியாவின் 28 கிராமங்களில் ஐந்து வருஷம் நடந்த ஆய்வு 1997-இல் வெளியானது. கர்ப்பிணிகளுக்கு வேர்க்கடலை சேர்த்துச் செய்த சத்து பிஸ்கட் கொடுத்தார்கள். பஞ்ச காலத்தில் பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 201 கிராம் கூடியது, அறுவடைக் காலத்தில் 94 கிராம். செத்துப் பிறப்பது குறைந்தது. தலைச் சுற்றளவு? 3 மில்லிமீட்டர்தான் கூடியது. ஒரு அரிசி மணியின் நீளம்கூட இல்லை. தலைதான் சிக்கும் இடம், தலை பெருசாவதில்லை, கூடுவது சதையும் கொழுப்பும்தான் என்பது அந்த மாமியாருக்குச் சொல்ல வேண்டிய பதில். "நீங்க பயப்படுறது நியாயம்தான், ஆனா கணக்கு இப்படி இருக்கு" என்று ஆரம்பித்தால் கேட்பார் என்றே நினைக்கிறேன். நாம் சுவரில் எழுதியது "அறியாமையைப் போக்குவோம்" என்றுதானே.

அடுத்த கேள்வி, சொன்னால் போதுமா? கேட்டுக்கொண்டவள் சாப்பிட முடிகிறதா?

புனே அருகே ஆறு கிராமங்களில் 1990-களில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்தது. தாய்மாரின் சராசரி எடை சுமார் 42 கிலோ, குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. சுவாரசியம் என்னவென்றால், எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதைவிடக் கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்டார்களா என்பதோடுதான் குழந்தையின் அளவு பொருந்திப் போனது. இன்னொன்றும் கண்டார்கள். கர்ப்பத்தில் வயல் வேலை, தண்ணீர் சுமப்பது என்று உழைப்பு அதிகமான பெண்களின் குழந்தைகள் சின்னதாகப் பிறந்தன. கீரை சாப்பிடச் சொல்லலாம். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கச் சொல்ல வேண்டியது யாரிடம்? அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடமா?

தயான் காஃபி என்ற ஆய்வாளர் 2015-இல் வெளியிட்ட கணக்கு இதைவிடக் கசப்பு. 2005-06 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பை வைத்து அவர் போட்ட மதிப்பீட்டின்படி, இந்தியப் பெண்களில் 42 சதவீதம் பேர் கர்ப்பம் தொடங்கும்போதே தேவையான எடை இல்லாதவர்கள். சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் அது 16.5 சதவீதம். நம் பெண்கள் கர்ப்பம் முழுவதிலும் ஏறுவது சுமார் 7 கிலோ. பழைய அமெரிக்க டாக்டர்கள் திட்டித் திட்டி நிறுத்தி வைத்த அளவை, நம் பெண்கள் யாரும் திட்டாமலே எட்டிவிட்டார்கள். அவரும் கூட்டாளிகளும் செய்த இன்னொரு ஆய்வில், கிராமத்துக் கூட்டுக் குடும்பங்களில் மூத்த மருமகளின் குழந்தைகளைவிட இளைய மருமகளின் குழந்தைகள் குட்டை என்று வந்தது. அதே வீடு, அதே அடுப்பு, அதே அரிசிப் பானை. கடைசியாகச் சாப்பிடுவது யார் என்பது குழந்தையின் உயரத்தில் எழுதியிருக்கிறது. இது அகில இந்தியக் கணக்கு. வடக்கே கனம் அதிகம் என்பது உண்மை, ஆனால் "நம்மகிட்ட அப்படியெல்லாம் இல்லை" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியுமா?

கர்ப்பமான பிறகு சொல்லிக் கொடுப்பதே தாமதமோ என்ற சந்தேகத்தில் மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஒரு பரிசோதனை நடந்தது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே பெண்களுக்குத் தினம் ஒரு சமோசா மாதிரியான பலகாரம். உள்ளே கீரை, பழம், பால் சேர்த்தது. 2014-இல் முடிவு வந்தது: மொத்தமாகப் பார்த்தால் குழந்தைகளின் எடையில் பெரிய மாற்றமில்லை. கருத்தரிப்பதற்கு மூன்று மாதமாவது முன்பே சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு மட்டும் 48 கிராம் கூடியது. இவ்வளவு மெனக்கெட்டும் 48 கிராம்தானா என்று தோன்றும். பல வருஷக் குறையை ஒரு பலகாரம் சில மாதத்தில் அடைத்துவிடாது என்பதாகவே நான் இதைப் படிக்கிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கிடையில் இரண்டு விஷயங்கள் மாறின. ஒன்று பணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் 1987-இல் 300 ரூபாய் கொடுத்தார்கள். 2006-இல் அது 6,000 ஆனது, 2011-இல் 12,000, 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000. கர்ப்பிணியின் கணக்கிலேயே பணம் விழுவது, அவள் தட்டுக்கு என்று தனியாக ஒரு ஒதுக்கீடு மாதிரி. முழுக்க அவள் தட்டுக்குத்தான் போகிறதா என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும்.

இன்னொன்று ஆஸ்பத்திரி. 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில். சிசேரியன் 44.9 சதவீதம். இந்த சிசேரியன் எண்ணிக்கை தனியாகக் கவலைப்பட வேண்டிய விஷயம், அதை இங்கே இழுக்கவில்லை. ஆனால் பிள்ளை சிக்கிக்கொண்டால் தாய் செத்துப்போவாள் என்ற அந்தப் பழைய பயத்தின் காலடி மண் சரிந்துவிட்டது. எந்த வகுப்பும், எந்தச் சுவர் எழுத்தும் செய்யாததைப் பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையமும் ஆம்புலன்ஸும் செய்திருக்கும் என்பது என் கணிப்பு. இன்றைக்கு "பிள்ளை பெருத்துடும்" என்று சொல்கிறவர்களும் அடுத்த வார்த்தையாக "அப்புறம் வயித்தைக் கிழிச்சுடுவாங்க" என்கிறார்கள். சாவு பயம் போய், ஆபரேஷன் பயம் வந்திருக்கிறது. சொல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் தமிழ்நாட்டில் 2005-06-இல் 30.9 சதவீதம், 2015-16-இல் 27.1, 2019-21-இல் 25. இதே காலத்தில் இந்தியா முழுதுக்கும் 48, 38.4, 35.5. நாம் முன்னால் நிற்கிறோம், ஆனால் நகர்வது மெதுவாக. நாலில் ஒரு குழந்தை இன்னும் அந்தக் கோட்டுக்குக் கீழே. பிரசவம் ஏறக்குறைய முழுவதுமாக மருத்துவமனைக்குள் வந்துவிட்ட மாநிலத்தில் இந்த எண்.

இதற்கு ஒரு விளக்கம் காலக் கணக்கில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1980-இல் கொட்டாம்பட்டியில் ஒரு வயதில் தராசில் தொங்கிய பெண் குழந்தையை நினைத்துப் பாருங்கள். 2000-க்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அவளுக்கு முதல் பிரசவம் ஆகியிருக்கும். அவள் உயரம் அவளுடைய அம்மா 1979-இல் சாப்பிட்ட, சாப்பிடாத சோற்றில் பாதி முடிவாகிவிட்டது. அவள் மகளுக்கு இப்போது இருபது, இருபத்தைந்து வயது. அந்த மகள் மாசமாக இருந்தால், முதல் பரிசோதனைக்குப் போகும் நாளில் எடை பார்ப்பதற்கு முன் சுவரோரம் நிறுத்தி உயரம் அளப்பார்கள். தேசியக் கணக்கெடுப்பு 145 செ.மீ.க்குக் குறைந்த பெண்களைப் பிரசவ ஆபத்து கூடியவர்கள் என்று தனியாக எண்ணுகிறது. செவிலியர் அந்த எண்ணை அட்டையில் எழுதிக்கொண்டு, அடுத்து என்னென்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லத் தொடங்குவார். மாமியாரும் கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் அவரும் உயரம் கம்மிதான். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.